ரோமாபுரியில் செருப்புக் காவல்

உங்களுக்கு எந்தக் காலுங்க? இடதுங்களா? எனக்கு ரெண்டும். உக்காருங்க, இந்தத் தூணோட சாஞ்சுக்குங்க, வெயில் இக்கட்டால வராது. செருப்பை அப்படியே கழட்டி விடுங்க, நான் பாத்துக்கறேன். கல்யாணத்துக்கு வந்தவங்க செருப்பு பூராவும் இங்கதான் கெடக்குது பாருங்க. மேல கோயில்ல கழட்டுனா குரங்கு தூக்கிட்டுப் போகுதுன்னு அடிவாரத்துலயே போட்டுட்டு ஏறிட்டாங்க. சும்மா உக்காந்திருக்கறவனுக்கு ஒரு வேலையாச்சு.

நீங்க பொண்ணு வீட்டுப் பக்கமா? தாராபுரமா, சரி சரி. நாங்க கொடுமுடிப் பக்கமுங்க. மாப்பிள்ளைக்கு நான் பெரியப்பன். கூடப் பொறந்த தம்பி மகன்தான் மாப்பிள்ளை. ஆமாங்க, மேல நின்னு தாலி எடுத்துக் குடுக்க வேண்டியவன்தான் நான். என்ன பண்றது, கால்.

அதோ, வேப்ப மரத்தடியில பச்சைச் சேலை கட்டிட்டு உக்காந்திருக்கறது என்ற சம்சாரம். பூவாத்தான்னு பேரு. அவளுக்கும் கால்தான். அவளுக்கு மாசியில வந்துது, எனக்கு ஆனியில வந்துது. அவளுக்கு உள்ளூர்லயே வந்துருச்சு. எனக்கு ரோம்ல வந்துது.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ரோம். இத்தாலி. பழைய காலத்துல ரோமாபுரின்னு படிச்சிருப்பமே, அதேதான். ஒரு வாரம் இருந்துட்டு வந்தோம்.

என்ற பையன் பூபதி ஜெர்மனியில கார் கம்பெனியில இருக்கானுங்க. சித்திரையில போன் பண்ணி, "அம்மாவைக் கூட்டிட்டு வாங்கப்பா. ஒரு வாரம் ரோம்ல இருக்கலாம். அவசரமே வேண்டாம், நிதானமாப் பார்க்கலாம்"ன்னான். காடு கெடக்குதுடான்னேன். காடு எங்கயும் போகாதுப்பான்னான். அப்பறம் சொன்னான், "அம்மா போன்ல பேசவே மாட்டேங்கறாங்கப்பா. ம்ங்கறாங்க, வெச்சர்றாங்க."

எங்கிட்டயும் அப்படித்தான்னு நான் சொல்லலை. பேசாம எல்லாம் இல்லீங்க. சோறு போடட்டுமான்னு கேப்பா. மாத்திரை போட்டாச்சான்னு கேப்பா. இந்த வயசுல அதுக்கு மேல என்ன பேசோணும், சொல்லுங்க.

ஒரே பையனான்னா கேக்கறீங்க? ஆமாங்க, ஒரே பையன்.

ஒரு புள்ளையும் இருந்துது. மறைச்சு என்ன ஆகப்போகுது, நீங்க பந்தியில உக்காந்தா எவனாவது சொல்லிப்போடுவான். காலேஜ் முடிக்கறப்ப ஒரு பையனோட போயிருச்சு. வேற ஆளுக, கிறிஸ்டியன். திண்டுக்கல்ல ஒரு சர்ச்சுல வெச்சுக் கல்யாணம். பெரிய மனுசங்க வந்து, "வாங்க, தலையையாவது காட்டிட்டு வந்தர்லாம்"ன்னு கூப்பிட்டாங்க. சர்ச்சுப் படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்கே குடும்பத்தோட காவேரிக்குப் போனோம். நான், தம்பி, பூபதி, அக்கட்டால பொம்பளைங்க படித்துறையில இவ. தலை முழுகிட்டு வந்துட்டோம். சாவுக்கு முழுகற மாதிரியேதானுங்க. அதோட முடிஞ்சுது. அந்தப் பேரை எங்க ஊட்ல யாரும் சொல்றதில்லை. பேச்சு வந்தா அந்தப் புள்ளைம்போம். பேச்சு வராது.

அதெல்லாம் ஆகி ரொம்ப வருசமாச்சு. இந்த மாசியில தவறிப்போச்சு. காமாலைன்னாங்க, ஈரல்ன்னாங்க. குழந்தை குட்டி இல்லை. பூபதிதான் ஜெர்மனியிலிருந்து போன் பண்ணிச் சொன்னான். அன்னைக்குக் காட்டுல மஞ்சள் வேவிச்சுட்டு இருந்தோமுங்க. உங்க பக்கம் நெல்லுதானே, தெரியாது உங்களுக்கு. தோண்டுன மஞ்சளைக் கொப்பரையில போட்டு வேவிக்கோணும். பதம் தப்புனா கெழங்கு கெட்டுப்போயிரும், வருசத்துப் பாடு மொத்தமும் போச்சு. அடுப்பு எரியுது, கொப்பரை கொதிக்குது, ஆளுக சுத்தி நிக்கறாங்க. விட்டுட்டுப் போக முடியுங்களா? ஒரு கொப்பரையை எறக்கினேன், அடுத்ததை ஏத்தினேன். அப்பறம்தான் ஊட்டுக்குப் போயி இவகிட்டச் சொன்னேன். கேட்டா. உள்ள போயிட்டா. சாயங்காலம் பார்த்தா ஈரத் தலையோட நிக்கறா. என்னன்னேன். "தலைவலி, எண்ணெய் வெச்சேன்"ன்னா. சரின்னு விட்டுட்டேன்.

எனக்கு ஒண்ணும் தோணலைங்க. சத்தியமாச் சொல்றேன். ராத்திரி படுத்துட்டு, இப்ப அழுகை வரும், இப்ப வரும்னு பார்த்தேன். வரலை. தூங்கிட்டேன். ஒரு ஆள் ரெண்டு தடவை சாக முடியுங்களா? எங்களைப் பொறுத்த வரைக்கும் அது காவேரியிலயே செத்துப்போச்சு. அன்னைக்கே துக்கமும் முடிஞ்சுபோச்சு. அப்படித்தானே முறை? இந்த வருசம் மஞ்சள் நல்லா வெந்துது.

அதுக்கப்பறம்தான் இவளுக்குக் கால் வலி வந்துது.

பங்குனியில எங்க ஊர் மாரியம்மனுக்குப் பொங்கலுங்க. எங்கூட்டுப் பானைதான் மொதல்ல பொங்கோணும். வழிவழியா அப்படித்தான். "கால் வலிக்குது, கோயில் வரைக்கும் நடக்க மாட்டேன்"ன்னுட்டா. கோயில் எங்க இருக்குதுங்கறீங்க? எங்கூட்டு வாசல்ல நின்னா கர்ப்பக்கிரக வெளக்குத் தெரியும். தம்பி சம்சாரம் பானை வெச்சா. நான் போயி முன்னால நின்னு பரிவட்டம் கட்டிக்கிட்டேன். காட்டுக்கு நடக்கறா, களை எடுக்கறா, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துச் சொமந்துட்டு வர்றா. அதுக்கெல்லாம் வலிக்கலை. கோயில்னா வலிக்குது. எந்த வைத்தியன்கிட்டங்க காட்டறது இதை?

எனக்குத் தெரியாதா? தெரியும். துக்கம் புடிக்கறா. ஊட்ல சாவு விழுந்தா ஒரு வருசத்துக்குக் கோயில் படி ஏற மாட்டோம், மலை ஏற மாட்டோம். உங்க பக்கமும் அதேதானே? ஆனா இவ யாருக்குப் புடிக்கறா? அதை வாயைத் தெறந்து சொல்லட்டும், அப்பப் பேசிக்கறேன்னு நானும் இருந்தேன். அவ சொல்லலை. கால்ன்னா. சரி, கால்.

ரோமுக்கு வர்றேன்னு மட்டும் ஒத்துக்கிட்டா. ஏன்னு தெரியலை. பையனைப் பார்க்கோணும்னு இருந்திருக்கும்.

ரோம் எப்படி இருந்துதுன்னு எல்லாருங் கேக்கறாங்க. பெருசா இருந்துதுங்க. வேற என்ன சொல்றது? பூபதி ஒரு ஊட்டை வாடகைக்குப் புடிச்சிருந்தான், மூணு மாடி ஏறோணும், லிஃப்ட்டு கெடையாது. இவ தெனமும் ஏறினா, எறங்கினா. எனக்கு மூச்சு வாங்குச்சு, இவளுக்கு வாங்கலை. காலையில எந்திரிச்சு, காப்பி குடிச்சு, மெதுவா ஒரு எடம். மத்தியானம் வந்து சோறாக்கித் தின்னுட்டுத் தூக்கம். சாயங்காலம் மெதுவா ஒரு எடம். ஒரு அவசரம் கெடையாது. அரிசி பருப்பெல்லாம் இவ கொண்டு வந்துட்டா.

அந்த ஊர்ல எனக்கு மறக்காதது தண்ணிக் கொழாய்தானுங்க. தெருவுக்குத் தெரு ஒரு இரும்புக் கொழாய் நிக்குது. தண்ணி அது பாட்டுக்கு ஊத்திட்டே இருக்குது, ராத்திரி பகல். மூடலாம்னு தடவித் தடவிப் பார்த்தேன், திருகே வெக்கலை. குடிக்கற தண்ணி, ஐஸாட்டம். வாய்க்கால்ல மொறைத் தண்ணிக்கு அடிச்சுக்கறவன் நான், எனக்கு அதைப் பார்த்துட்டு நிக்க முடியலை. பூபதி என்னென்னமோ காட்டினான். பழைய காலத்துல மனுசனையும் மிருகத்தையும் சண்டைக்கு விட்ட ஒரு வட்டக் கட்டடம். பாதி இடிஞ்சு கெடக்குது. பெருசா இருந்துது. காசை முதுகுக்குப் பின்னால தண்ணிக்குள்ள எறியற ஒரு குளம். கூட்டம். பார்த்தேன். "எப்படிப்பா இருக்கு?"ன்னு கேப்பான். பெருசா இருக்குதுடாம்பேன். அவனுக்கு மொகம் சுண்டிப்போயிரும். பொய்யா சொல்ல முடியும்? கண்ணுக்குத் தெரிஞ்சுது, உள்ள எறங்கலை. ஊர்ல இருந்தப்பவும் அப்படித்தான். கொஞ்ச நாளாவே எதுவும் எறங்கறதில்லை. வயசாகுது பாருங்க.

அப்பறம் கோயிலுங்க. அந்த ஊர்ல முக்குக்கு முக்கு சர்ச்சுங்க. ரோமைப் பார்க்கறதுன்னா அதைப் பார்க்கறதுதான், பூபதியே சொல்றான். மொத நாளு ஒரு பெரிய சர்ச்சு வாசல்ல போயி நின்னோம். இவ படியிலயே உக்காந்துட்டா.

"கால் வலிக்குது கண்ணு. நீங்க போயிட்டு வாங்க."

பூபதிக்கும் தெரியும். அவன் குனிஞ்சு, "அம்மா, இது நம்ம கோயில் இல்லம்மா. சர்ச்சு. இங்க தீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது, யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு மெதுவாச் சொன்னான்.

"சாமி இருக்கற எடந்தானே கண்ணு"ன்னா. அவ்வளவுதான்.

நான் ஷூவைக் கழட்டினேன். பூபதி, "அப்பா, இங்க ஷூவோடதான் போவாங்க, கழட்டாதீங்க, பார்க்கறாங்க"ங்கறான். பார்க்கட்டும். இவ சொன்னது ஒண்ணு சரிதானுங்க, சாமி இருக்கற எடத்துக்குள்ள ஷூவோட போற வழக்கம் நமக்கில்லை. கழட்டி இவ முன்னால வெச்சுட்டு, பாத்துக்கன்னு சொல்லிட்டு, சாக்ஸோட உள்ள போனேன். அந்த வாரம் பூராவும் அதேதான். நாங்க உள்ள, இவ வெளியில என்ற ஷூவுக்குக் காவல். ரோமாபுரி வரைக்கும் போயி அவ பார்த்தது வாசப்படிதான்.

கேக்கறீங்க, எனக்குத் தெரியும் கேப்பீங்கன்னு. சர்ச்சுப் படி மிதிக்க மாட்டேன்னியே, இங்க மட்டும் எப்படிப் போனேன்னுதானே? அது வேறங்க, இது வேற. அது மனுசங்க போற சர்ச்சு. இது பார்க்கறதுக்குன்னு இருக்கற சர்ச்சு. டிக்கெட் போட்டுக்கூட வெச்சிருக்கான் சிலதுக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா? நீங்க எதுக்குங்க அப்படிப் பார்க்கறீங்க?

ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன், சிரிப்பீங்க. ஒரு சின்னச் சர்ச்சு. நாங்க வெளியில வந்து நான் ஷூவுக்குள்ள காலை விடறேன், என்னமோ குத்துது. எடுத்துப் பார்த்தா காசு. அந்த ஊர்க் காசு. சேலை கட்டிட்டு ஒரு பொம்பளை சர்ச்சுப் படியில உக்காந்து, முன்னால ரெண்டு ஷூ வெச்சிருந்தா என்ன நெனைப்பான்? போட்டுட்டுப் போயிட்டான் எவனோ. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிப்போச்சு. காவேரிப் பாசனத்துல காடு வெச்சிருக்கறவன் பொண்டாட்டிங்க. "கையை நீட்டினயா என்ன?"ன்னு கத்தறேன். இவ அசையலை. "நான் எதுக்கு நீட்டறேன். அவங்களாப் போட்டாங்க"ன்னா. காசை என்ற கையிலிருந்து வாங்கி, சேலை முந்தானையில தொடைச்சு, பூபதி கையில குடுத்தா. "உள்ள ஏதாச்சும் உண்டியல் இருந்தா இதைப் போட்டுட்டு வந்துரு கண்ணு."

அவன் மறுபடி உள்ள போனான். நானும் பின்னாலயே போனேன். உண்டியலாவே தெரியலை. ஒரு தட்டு நெறைய மெழுகுவர்த்தி நிக்குது, எல்லாம் பிளாஸ்டிக். காசைப் போட்டா, ஒரு மெழுகுவர்த்திக்கு உச்சியில இத்தினியூண்டு பல்பு எரியுது. ஏமாத்து வேலைங்க. கரண்டு மெழுகுவர்த்தி. பூபதி காசைப் போட்டுட்டுக் கை கட்டிட்டு நின்னான்.

"யாருக்குடா?"ன்னேன்.

"மைதிலிக்கு"ன்னான்.

எங்க ஊட்ல யாரும் சொல்றதில்லைன்னு சொன்னனில்லைங்க? அந்தப் பேரு. அவன் பாட்டுக்குச் சொல்லிப்போட்டான், அடுத்த ஊட்டுப் புள்ளையைச் சொல்ற மாதிரி. நான் ஒண்ணும் திட்டலை. அந்த பல்பையே பார்த்துட்டு நின்னேன். காசுக்குத் தகுந்த நேரம் எரிஞ்சுட்டு அணைஞ்சு போயிருமாம், அவன்தான் சொன்னான். சரி, எவ்வளவு நேரம் எரியுதுன்னு பார்ப்பம், ஏமாத்து வேலையா இல்லையான்னு தெரியோணுமில்ல? அதுக்குத்தான் நின்னேன். அக்கம் பக்கத்து பல்பெல்லாம் ஒண்ணு ஒண்ணா அணைஞ்சுது. இது அணையலை. கடைசியில பூபதி தோளைத் தொட்டு, "அப்பா, பூட்டறாங்கப்பா, வாங்க"ன்னான். பார்த்தா சர்ச்சுல நாங்க ரெண்டு பேர்தான் நிக்கறோம், ஒருத்தன் சாவிக் கொத்தோட எங்களுக்காகக் காத்துட்டு நிக்கறான். சாக்ஸ் வழியாத் தரை ஜில்லுன்னு ஏறிப்போச்சு காலுக்கு. அங்கயே புடிச்சிருக்கும் போல இந்த வலி.

வெளியில வந்து ஷூ போடறப்ப இவகிட்டச் சும்மா சொன்னேன், "உள்ள காசு போட்டா பல்பு எரியுது."

"பூபதி போட்டானா?"

"போட்டான்."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

சரின்னா. எந்திரிச்சு முந்தானையை ஒதறிட்டு முன்னால நடந்தா. மாசியிலிருந்து எங்க ரெண்டு பேருக்கும் நடந்த பெரிய பேச்சு வார்த்தை அதுதானுங்க.

கடைசி நாளு, போப்பாண்டவர் இருக்கற பெரிய கோயில். அதுக்கு முன்னாடி ஒரு மைதானம், சுத்தியும் வட்டமாத் தூணுங்க, நம்ம கொடுமுடிக் கோயிலை நாலஞ்சு வாங்கி உள்ள வெக்கலாம். உலகத்துலயே பெரிய சர்ச்சாம். அதையாவது அம்மா பார்க்கோணும்னு பூபதிக்கு ஆசை. எங்க போயிக் கேட்டானோ, யாரைப் புடிச்சானோ, ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிட்டு வந்துட்டான். "அம்மா, நடக்கவே வேண்டாம். நீங்க உக்காருங்க, நான் தள்ளிட்டுப் போறேன்"ங்கறான். வேர்த்து ஊத்துது அவனுக்கு.

இவ நாற்காலியைப் பார்த்தா. பையன் மொகத்தைப் பார்த்தா. அவன் தலையைத் தடவிக் குடுத்தா.

"உக்காந்துட்டுப் போனாலும் வலிக்கும் கண்ணு. மாசி வந்தா சரியாப் போயிரும்."

எனக்கு அத்தனை நாள் அடக்கினது வெடிச்சுப்போச்சுங்க. "மொழங்காலுக்கு மாசம் தெரியுமா?"ன்னு கத்திப்போட்டேன். ஜனங்க திரும்பிப் பார்க்கறாங்க. தமிழ் எவனுக்குப் புரியப்போகுதுன்னு நானும் விடலை. "யாருக்குத் துக்கம் புடிக்கறே? கட்டிக் குடுத்த புள்ளைக்கே தாய் தகப்பனுக்கு மூணு நாள் தீட்டுத்தான். அப்பறம் அது அடுத்தூட்டுச் சாவு. கோயிலுக்குப் போலாம், மலை ஏறலாம், எல்லாஞ் செய்யலாம். முறை தெரியாதா உனக்கு? இதுல ஓடிப்போன கழுதைக்கு நீ ஒரு வருசம் புடிப்பியா?"

இவ சத்தமே போடலைங்க. பருப்பு வெந்துருச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

"கட்டிக் குடுத்தா மூணு நாள்."

"அதைத்தானே நானுஞ் சொல்றேன்!"

"யாருங்க கட்டிக் குடுத்தா?"

எனக்கு மொதல்ல புரியலை. அவளே சொன்னா. "நீங்க தாரை வாத்தீங்களா? நான் சீர் வெச்சனா? தாய்மாமன் மாலை எடுத்துக் குடுத்தானா? ஒருத்தரும் கட்டிக் குடுக்கலையே. கட்டிக் குடுக்காத புள்ளை நம்மூட்டுப் புள்ளைதானுங்களே. நம்மூட்டுப் புள்ளை போனா ஒரு வருசம்."

"தலை முழுகினமே!"ன்னேன்.

"நீங்க முழுகுனீங்க"ன்னா.

அவ்வளவுதான். பூபதி காலி நாற்காலியைப் புடிச்சுட்டு வேற பக்கம் பார்த்துட்டு நிக்கறான்.

கோர்ட்டுல கேக்கற மாதிரி கேட்டுப்போட்டாளுங்க. நானும் இன்னி வரைக்கும் யோசிச்சுப் பார்க்கறேன். முறைன்னு எடுத்துக்கிட்டா அவ சொன்னதுல ஒரு ஓட்டை இல்லை. தாரை வார்க்கலை. உண்மைதானே? வார்க்காத வரைக்கும் அது எந்த ஊட்டுப் பொண்ணு? பதினெட்டு பட்டிப் பஞ்சாயத்தைக் கூட்டினாலும் என்ன சொல்லுவான்? ஊர் நியாயம் எத்தனையோ பேசியிருக்கேன், என்னையே ஒரு பொம்பளை வாயடைச்சுப்போட்டா, அதுவும் போப்பாண்டவர் வாசல்ல வெச்சு.

அப்ப நான் குனிஞ்சு ஷூ லேசை அவுத்துட்டு இருந்தேனுங்க. உள்ள போறதுக்குத்தான். ஒண்ணு அவுத்தாச்சு, இன்னொண்ணு பாதி. கை அப்படியே நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் அந்தக் கயித்தையே பார்த்தேன். அப்பறம் ரெண்டையும் திருப்பிக் கட்டிக்கிட்டேன். வெயில் ஜாஸ்தியா இருந்துது. வரிசையும் நீளம். "நீ போயிட்டு வாடா"ன்னு பூபதியை அனுப்பிச்சேன். அவன் நாற்காலியைத் தள்ளிட்டுப் போனான்.

நானும் இவ பக்கத்துல ஒரு தூணோரமா உக்காந்தேன். இவ பையிலிருந்து கடலை உருண்டை எடுத்து நீட்டினா. வாங்கித் தின்னேன். ருசி தெரியலை. மாசியிலிருந்தே எனக்கு வாய் ருசி இல்லீங்க, பல்லு ஒண்ணு ஆடுது, அதனாலதான். பூபதி வர்றதுக்கு ரொம்ப நேரமாச்சு. எந்திரிக்கலாம்னு பார்த்தா எனக்கும் கால் வரலை. ரெண்டு மொழங்காலும். இவதான் கையைக் குடுத்தா.

அன்னையிலிருந்து இருக்குதுங்க எனக்கு. ஊருக்கு வந்தும் விடலை. ஆடி நோம்பிக்குக் கோயிலுக்குப் போக முடியலை. ஊர்ல, "பெரியவரு வெளிநாடு போயிட்டு வந்து மாறிட்டாரு"ன்னு பேசிக்கறாங்க. பேசட்டும். காட்டுக்கெல்லாம் நடக்கறேன், அது பரவால்லை, மண்ணுத் தரை. படிதான் ஆகறதில்லை. இவ உக்கார்ற மாதிரி நான் உக்காரலைங்க, அதை நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இவளுக்கு வேற. எனக்கு நெசமாவே கால்.

இருங்க, கார் வருது. மாப்பிள்ளைக்கு அண்ணன். என்ற தம்பி மூத்த மகன்.

வா தினகரா. ஏம்ப்பா, வேர்த்துப் போயி வர்றே? முகூர்த்த நேரமா? சரி, ஆகட்டும், நல்லபடியா நடக்கட்டும். என்னது? நான் வந்து எடுத்துக் குடுக்காம உங்கப்பன் தாலியைத் தொட மாட்டேங்கறானா? அவன் சின்னதுலயே புடிவாதக்காரன். கார் மேல வாசல் வரைக்கும் போகுதா? படியே இல்லையா? கேட்டீங்களா, படியே ஏற வேண்டாமாம். கோயில் வாசல்லயே எறக்கி விட்டர்றானாம். பெரியம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னானாம்.

இல்லை தினகரா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லைப்பா. அவன் கல்யாணத்துக்கு நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன்? உங்கப்பனையே எடுத்துக் குடுக்கச் சொல்லு. பெரியப்பன் சொன்னான்னு சொல்லு. கால்தானப்பா. கார்ல உக்காந்துட்டு வந்தாலும் வலிக்குது.

எத்தனை நாளைக்கா?

மாசி வரைக்கும் வலிக்கும்.

ஆமாப்பா, மாசி வரைக்கும்தான். உங்கப்பன்கிட்ட அப்படியே சொல்லு, அவனுக்குப் புரியும். புரியலைன்னா, காவேரியில அவனும்தானே கூட நின்னான், யோசிக்கச் சொல்லு. சபையில கேட்டாலும் அதையே சொல்லு. நீ ஏன் அப்படி நிக்கறே? போ, நேரமாகுது.

ஏனுங்க, நீங்களாவது இந்தக் கார்ல போங்க. உங்களுக்கு ஒரு கால்தானே, தாலி கட்டறதைப் பார்த்துட்டு வாங்க. தினகரா, இவரைக் கைத்தாங்கலாப் புடிச்சு ஏத்திக்கோ.

இவ எதுக்கு எந்திரிச்சு இக்கட்டால வர்றா? நான் சொன்னது காதுல விழுந்துருச்சாட்டம் இருக்குது. சரி, வரட்டும். நீங்க கெளம்புங்க. செருப்பை நாங்க பாத்துக்கறோம்.